குண்டு தாண்டும் தூரம்

ரீலோடிங் கையேட்டைத் திறந்தால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் எதிரே ஒரு நீளம் போட்டிருக்கும். .308 வின்செஸ்டருக்கு 2.810 அங்குலம். .223 ரெமிங்டனுக்கு 2.260. 6.5 கிரீட்மோருக்கு 2.825. தோட்டாவின் அடித்தட்டிலிருந்து குண்டின் நுனி வரைக்குமான மொத்த நீளம் அது. துல்லியத்துக்காகக் கையால் தோட்டா கட்டத் தொடங்குகிறவர்களில் பலர் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். மருந்தைக் கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்துப் போடுவார்கள். பித்தளைக் கூடுகளை எடைவாரியாகப் பிரித்து வைப்பார்கள். நீளத்தை மட்டும் புத்தகத்தைப் பார்த்து நகலெடுப்பார்கள். ஒஹையோவில் ரைஃபிள் குழல்களுக்குச் சேம்பர் வெட்டும் பட்டறையில் வேலை செய்தே என் பாதி ஆயுள் போயிருக்கிறது. எங்களிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது இந்த எண்ணைப் பற்றித்தான்.

இந்த எண்ணை வகுத்தது சாமி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் அமைப்பு. அது 1926-இல் தொடங்கப்பட்டது. ஒரு நிறுவனம் செய்த தோட்டா இன்னொரு நிறுவனம் செய்த ரைஃபிளிலும் அதன் மேகசினிலும் தடையில்லாமல், ஆபத்தில்லாமல் நுழைய வேண்டும். அதற்காகப் போட்ட மேல் வரம்புதான் இந்த எண். நாட்டில் இருக்கிற எல்லா .308 ரைஃபிளையும் மனத்தில் வைத்து எழுதிய எண். உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு ரைஃபிளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

தெரிய வேண்டியது சேம்பருக்குள் இருக்கிறது. தோட்டாவின் கூடு சேம்பரில் உட்கார்ந்திருக்க, அதன் கழுத்தில் குண்டு செருகப்பட்டிருக்கிறது. கழுத்துக்கு முன்னால் வழவழப்பான ஒரு சிறு பகுதி. அதை ஃப்ரீபோர் என்கிறோம். அதற்கப்பால் குழலின் உட்சுவரில் முறுக்காக ஓடும் மேடுகள் சாய்வாக எழத் தொடங்குகின்றன. அவைதான் லேண்ட்ஸ். .308 குழலில் மேட்டுக்கு மேடு குறுக்களவு 0.300 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் 0.308. குண்டின் விட்டமும் 0.308 என்பதால், மேடுகள் குண்டின் உடலைக் கவ்வி அதைச் சுழல வைக்கின்றன. மருந்து பற்றியதும் குண்டு கழுத்தை விட்டு விடுபட்டு, ஃப்ரீபோரைத் தாண்டி, மேடுகளில் போய்ப் பிடிபடுகிறது. இந்தத் தாவலுக்குத்தான் ஜம்ப் என்று பெயர். பத்து தௌவாக இருக்கலாம், நூறு தௌவாகவும் இருக்கலாம். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு சிறிய தூரம் ஏன் பொருட்டாகிறது? அந்தத் தாவலின்போதுதான் குண்டு நேராக நுழைகிறதா, சற்றே சாய்ந்து நுழைகிறதா என்பது முடிவாகிறது. பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு உள்ள குழலில் நொடிக்கு 2,700 அடி வேகத்தில் வெளியேறும் குண்டு நிமிடத்துக்கு 1,94,400 சுற்று வேகத்தில் சுழல்கிறது. சாய்ந்து நுழைந்த குண்டின் எடைமையம் சுழலச்சில் இருக்காது. குழலின் வாயைத் தாண்டிய நொடியில் அந்த ஒழுங்கின்மை அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். 1,000 கஜத் தொலைவில், எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டியில், இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் பத்து அங்குலம், உள்ளே இருக்கும் எக்ஸ் வட்டம் ஐந்து அங்குலம். தள்ளாட்டத்துக்கு அங்கே இடமில்லை.

ஆகவே முதல் வேலை, நம் சேம்பரில் லேண்ட்ஸ் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் துடைப்புக் கம்பியை வைத்தே அளப்பார். போல்ட்டை மூடி, குழலின் வாய் வழியாகத் தட்டை முனைக் கம்பியை உள்ளே விட்டு, அது போல்ட் முகத்தில் முட்டியதும் குழல் வாயை ஒட்டிக் கம்பி மேல் பிளேடால் ஒரு கீறல் போடுவார். பிறகு போல்ட்டை எடுத்துவிட்டு, வெறும் குண்டு ஒன்றைப் பின்பக்கத்திலிருந்து சேம்பருக்குள் விட்டு, ஒரு குச்சியால் லேண்ட்ஸில் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுபடி கம்பியை விட்டு, அது குண்டின் நுனியில் முட்டியதும் அதேபோல் இரண்டாவது கீறல். இரண்டு கீறலுக்கும் இடையிலான தூரமே அந்தக் குண்டு லேண்ட்ஸைத் தொடும் நீளம். காசு செலவில்லாத முறை. கை பழகியவருக்கு இரண்டு மூன்று தௌவுக்குள் சரியாக வரும்.

அடுத்து வந்தது, அடியில் துளையிட்டு மரை வெட்டிய கூட்டை ஒரு தண்டில் திருகி உள்ளே விடும் அளவுகோல். ஸ்டோனி பாயிண்ட் என்ற பெயரில் வந்து, பிறகு ஹார்னடி நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று பெரும்பாலோர் வீட்டில் இருப்பது அதுதான். அதில் கவனிக்க வேண்டியது விரலின் அழுத்தம். பலமாகத் தள்ளினால் குண்டு மேட்டில் ஏறிச் செருகிக்கொள்ளும். மெதுவாகத் தள்ளினால் தொடாமலே நின்றுவிடும். ஒரே குண்டால் பலமுறை அளந்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவுகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. அந்தக் கூடு நம் சேம்பரில் சுட்ட கூடு அல்ல, கடையில் வாங்கியது. அதன் தோள் நம் கூட்டின் தோளைவிடச் சில தௌ பின்தங்கி நிற்கும். அந்த வேறுபாடு அளவில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் வாடிக்கையாளரின் சேம்பரிலேயே சுட்ட ஒரு கூட்டைத் துளையிட்டு மரை வெட்டிக் கொடுப்பது எங்கள் பட்டறை வழக்கம்.

நான் இப்போது நம்புவது, பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்கான ரைஃபிள் செய்யும் அலெக்ஸ் வீலர் காட்டிப் பரவலாக்கிய முறையை. போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் கழற்றிவிட வேண்டும். அப்போது வெறும் கூட்டை உள்ளே விட்டு மூடினால் போல்ட் கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழும். அடுத்து, மருந்தும் பிரைமரும் இல்லாத கூட்டில் குண்டை வேண்டுமென்றே நீளமாகச் செருகி உள்ளே விட்டால், கைப்பிடி விழாது. திறக்கும்போது குண்டு மேட்டில் சிக்கியிருந்த சிறு பிடிப்பு கையில் தெரியும். குண்டை ஓரிரு தௌவாக உள்ளே தள்ளித் தள்ளி மறுபடி சோதித்தால், ஒரு கட்டத்தில் அந்தப் பிடிப்பு அடியோடு மறையும். அந்த இடமே தொடுபுள்ளி. எத்தனை முறை செய்தாலும் அதே எண் வரும். கண்ணைவிடக் கைக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும்.

எண் கிடைத்தாலும் அதை எதிலிருந்து எதுவரை அளந்தோம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நுனி திறந்த போட்டிக் குண்டுகளின் செப்பு மேலுறை முனையில் கூடி முடியும் இடம் சீராக இருக்காது. ஒரே பெட்டியில் எடுத்த குண்டுகளிலேயே நுனி நீளம் பத்து தௌ வேறுபடும், சிலவற்றில் அதற்கும் மேல். நுனி லேண்ட்ஸைத் தொடுவதே இல்லை. தொடுவது குண்டின் வளைவு முழு விட்டத்தை நெருங்கும் இடம். அந்த வளைவை ஓஜைவ் என்பார்கள். அதனால் காலிப்பரின் தாடையில் கம்பேரட்டர் என்ற துளையிட்ட சிறு துண்டைப் பொருத்தி, அடித்தட்டிலிருந்து ஓஜைவ் வரை அளக்கிறோம். புத்தகத்தின் மொத்த நீளம் மேகசினுக்குத் தேவை. துல்லியத்துக்குத் தேவை இந்த இரண்டாவது அளவு. தோட்டாவின் நீளம் என்று யாராவது என்னிடம் ஓர் எண்ணைச் சொன்னால், இரண்டில் எது என்று கேட்காமல் நான் பேச்சைத் தொடர்வதில்லை.

கம்பேரட்டர் அளவும் முழு உண்மை அல்ல. குண்டைச் செருகும் டையின் உள்தண்டு நுனிக்கு அருகே ஓரிடத்தில் தள்ளுகிறது. கம்பேரட்டர் அதற்குக் கீழே ஓரிடத்தில் தொடுகிறது. லேண்ட்ஸ் தொடுவது இன்னும் கீழே. மூன்றும் மூன்று விட்டங்கள். குண்டின் வளைவில் சிறு மாறுபாடு இருந்தால், டையைத் தொடாமலே அடுத்தடுத்த தோட்டாக்கள் மூன்று நான்கு தௌ மாறி வரும். பலர் அப்போது டையைக் குறை சொல்லிப் புதிது வாங்குகிறார்கள். முதலில் குண்டுகளை அளந்து பாருங்கள் என்பேன். டை அரிதாகவே குற்றவாளி. மருந்து கழுத்து வரை நிரம்பி அழுந்திய தோட்டாவில் வேறொரு தொல்லை: செருகிய குண்டை மருந்து மெல்ல மேலே தள்ளும். இரவு அளந்த நீளம் காலையில் இருக்காது.

ஜம்ப் எவ்வளவு வைப்பது என்பதற்குக் குண்டின் வடிவம்தான் முதல் பதில். டேஞ்ஜெண்ட் ஓஜைவ் என்பது குண்டின் உருளை உடலிலிருந்து முறிவில்லாமல் வளைந்து போவது. சியராவின் மேட்ச்கிங் குண்டுகள் இந்த வகை. சர்வதேச 300 மீட்டர் போட்டிக்காக உருவான அவர்களுடைய 168 கிரெயின் குண்டு பல தலைமுறைகளாக விரும்பப்படுவதற்கு ஒரு காரணம், அது ஜம்ப்பைப் பெரிதாகப் பொருட்படுத்தாதது. தாவும்போது வளைவு படிப்படியாக லேண்ட்ஸைச் சந்திப்பதால் குண்டு தானே நேராகிக்கொள்கிறது. சீக்கண்ட் ஓஜைவ் அப்படியல்ல. உடலும் மூக்கும் சேருமிடத்தில் ஒரு முறிவு இருக்கும். காற்றைக் கிழிக்க அருமையான வடிவம், லேண்ட்ஸில் நுழையும்போது பிடிவாதமானது. வில்லியம் டேவிஸ் வகுத்த வி.எல்.டி. குண்டுகள் இந்தக் குடும்பம். லேண்ட்ஸில் அழுத்திப் பதித்தால்தான் அவை சுடும் என்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. பெர்கர் நிறுவனத்தின் எரிக் ஸ்டெக்கர் எழுதிய குறிப்பு அதை மாற்றியது. லேண்ட்ஸுக்குள் 10 தௌ, பிறகு லேண்ட்ஸிலிருந்து 40, 80, 120 தௌ பின்னால் என்று நான்கு இடத்தில் சுட்டுப் பாருங்கள், 30 முதல் 40 தௌ அகலமுள்ள ஒரு நல்ல பகுதி எங்காவது ஓரிடத்தில் இருக்கும் என்றார். அந்த இடம் ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். பின்னால் பிரையன் லிட்ஸ் வடிவமைத்த ஹைப்ரிட் குண்டுகளில் லேண்ட்ஸைச் சந்திக்கும் பகுதி டேஞ்ஜெண்ட், மூக்கு சீக்கண்ட். எனக்குப் பிடித்த குண்டுகள் இவை. ஒரு பொறியாளர் சுடுகிறவரின் சிரமத்தை உணர்ந்து செய்த வேலை என்று இன்றும் மதிக்கிறேன்.

ஸ்டெக்கரின் குறிப்பில் என்னை மிகவும் மாற்றியது அந்த 40 தௌ அடிவைப்பு. அதற்கு முன் நாங்கள் இரண்டு தௌ, மூன்று தௌவாக நகர்ந்து கொண்டிருந்தோம். அப்படி நகர்ந்தால் நல்ல பகுதி எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாமல் ஒரே தெருவைச் சுற்றிக்கொண்டிருப்போம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாக ஒன்று. நீளத்தை மாற்றினால் அழுத்தமும் மாறும். குண்டை ஆழமாகச் செருகினால் கூட்டின் உள்ளிடம் குறைந்து அழுத்தம் ஏறும். லேண்ட்ஸில் முட்டவைத்தால் குண்டு ஓட்டம் பிடிக்காமல் நின்ற நிலையிலிருந்து மேடுகளில் பதிய வேண்டியிருப்பதால் அழுத்தம் இன்னும் கூர்மையாக ஏறும். .308-க்கு சாமி வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. ஜம்ப் வைத்துச் சோதித்து உச்சத்தை நெருங்கிய மருந்தளவை, அப்படியே லேண்ட்ஸில் முட்டவைத்துச் சுடக் கூடாது. முட்டவைப்பதானால் மருந்தைக் குறைத்து, கையேட்டின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும்.

முட்டவைப்பதில் களத்துக்கே உரிய இன்னோர் ஆபத்தும் உண்டு. சுடாமல் நிறுத்தச் சொன்னால் தோட்டாவை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். அழுந்தப் பதிந்த குண்டு குழலிலேயே நின்றுவிட்டு, கூடு மட்டும் வந்தால் மருந்து முழுவதும் ஆக்‌ஷனுக்குள் கொட்டிவிடும். ஒரு போட்டியில் எனக்குப் பக்கத்தில் சுட்டவருக்கு இது நேர்ந்தது. கம்பியால் குண்டைத் தட்டி எடுத்து, போல்ட்டையும் ட்ரிகரையும் மருந்துத் துகள் போகத் துடைத்து முடிப்பதற்குள் அவருடைய ரிலே முடிந்துவிட்டது. காற்றை அவ்வளவு நன்றாகப் படிக்கிற ஒருவர் அன்று எட்டுக் குண்டோடு திரும்பினார். போட்டிக்கு லேண்ட்ஸைத் தொடும் நீளம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

எவ்வளவு நீளம் என்ற தேர்வு உண்மையில் குழல் வெட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எஃப்-கிளாஸின் எஃப்-டி.ஆர். பிரிவில் .223 அல்லது .308 மட்டுமே அனுமதி என்பதால், .308-இல் 200 கிரெயின் போன்ற நீளமான குண்டுகளைச் சுடுவார்கள். 2.810 அங்குலத்துக்குள் அடக்கினால் அந்தக் குண்டின் பின்பகுதி கழுத்தைத் தாண்டி மருந்து இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்காரும். எனவே வாடிக்கையாளரிடம் டம்மி ஒன்று கேட்போம். மருந்தும் பிரைமரும் இல்லாமல், அவர் சுடப்போகும் அதே குண்டைச் செருகிய தோட்டா. குண்டின் முழு விட்ட உடல் முடிந்து, படகு வால்போல் குறுகத் தொடங்கும் இடம் கழுத்தும் தோளும் சேரும் கோட்டுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அந்தக் கோட்டில் பித்தளை உள்பக்கமாகத் தடித்து ஒரு வளையம் உருவாகும். குண்டின் உடல் அதில் உரசினால் கழுத்தின் பிடி தோட்டாவுக்குத் தோட்டா மாறும். டம்மியைப் பார்த்து அதற்கேற்ற ஃப்ரீபோரை ரீமரால் வெட்டுவோம். ஒருவர் இனிமேல் பல ஆண்டுகள் சுடப்போகும் நீளத்தை லேத்தில் வைத்து முடிவுசெய்யும் அந்த வேலை இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் விருப்பமானது.

எதிர்த் திசையில் வெதர்பி ரைஃபிள்கள். ராய் வெதர்பி தன் மேக்னம் தோட்டாக்களுக்கு வேண்டுமென்றே நீண்ட ஃப்ரீபோர் வைத்தார். அவற்றில் பல குண்டுகளை லேண்ட்ஸ் அருகே கொண்டுபோகவே முடியாது. குண்டு கூட்டைவிட்டே வெளியே வந்துவிடும். ஆனாலும் அவற்றில் மிக நன்றாகச் சுடும் ரைஃபிள்களை நான் கையில் எடுத்திருக்கிறேன். லேண்ட்ஸுக்கு நெருக்கம்தான் துல்லியம் என்று சொல்கிறவர்களிடம் நான் காட்டும் சான்று அது.

எங்கள் மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது கேம்ப் பெரி. 1907 முதல் தேசியப் போட்டிகளுக்குப் பெயர்பெற்ற களம். அங்கே சர்வீஸ் ரைஃபிள் சுடுகிறவர்கள் ஒரே நாளில் இரண்டு நீளங்களோடு வருவதைப் பார்க்கலாம். 200, 300 கஜத்தில் வேகச் சுடுதல் என்பதால் தோட்டா மேகசினிலிருந்து ஏற வேண்டும். ஏ.ஆர்-15 மேகசின் 2.260 அங்குலத்துக்கு மேல் இடம் தராது. அதற்கு 77 கிரெயின் குண்டைச் செருகிக் கொண்டுவருவார்கள். 600 கஜத்தில் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டு நிதானமாகச் சுடலாம். அதற்கு 80 கிரெயின் குண்டு, லேண்ட்ஸை நெருங்குமளவு நீளமாகச் செருகியது. மேகசினில் அது நுழையவே நுழையாது. தேவை எதுவோ அதுதான் நீளத்தை முடிவுசெய்கிறது என்பதை அந்த இரண்டு தோட்டாப் பெட்டிகளும் அருகருகே இருந்து காட்டும்.

சோதனைக்கு வருகிறேன். குண்டு, கூடு, பிரைமர், மருந்தளவு எதையும் மாற்றாமல் ஜம்ப்பை மட்டும் மாற்றிச் சுடுவேன். ஓர் அளவுக்கான தோட்டாக்களை மொத்தமாகச் சுட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. ஒவ்வோர் அளவிலும் ஒன்று, மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்று என்று சுற்றிச் சுற்றிச் சுடுவேன். குழல் சூடாவதும், காற்று மாறுவதும், என் தோள் களைப்பதும் எல்லா அளவுகளுக்கும் சமமாகப் பங்கிடப்படும். மூன்று துளை ஒரே ஓட்டையாகத் தெரியும் தாளை யாராவது ஆர்வத்தோடு காட்டினால், இதே தோட்டாவை இன்னும் இருபது சுடுங்கள் என்பேன். மூன்று குண்டுக் குழுமம் தற்செயலாகச் சிறுத்துவிடும். அதை நம்பி நீளத்தைப் பூட்டிக்கொண்டவர்கள் அடுத்த போட்டியில் ரைஃபிள் கெட்டுவிட்டது என்று பட்டறைக்கு வருகிறார்கள். குழல் அப்படியேதான் இருக்கும். அன்றைக்குத் தற்செயல் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது, அவ்வளவே.

தாளில் நான் தேடுவது மிகச் சிறிய குழுமத்தை அல்ல. அடுத்தடுத்த பல ஜம்ப் அளவுகளில் குழுமத்தின் அளவும் அது விழும் உயரமும் பெரிதாக மாறாத ஒரு பகுதியைத் தேடுகிறேன். 20 தௌவில் கால் அங்குலம், 23-இல் ஓர் அங்குலம் என்றால் அந்த 20 எனக்கு வேண்டாம். 50 முதல் 70 வரை எல்லாமே அரை அங்குலத்தை ஒட்டியே நின்றால் அங்கேதான் தங்குவேன். இதில் என்னோடு வாதிடும் நண்பர்கள் உண்டு. பெஞ்ச்ரெஸ்ட் சுடுகிறவர்கள் களத்திலேயே தோட்டா கட்டி, அன்றைய நிலைமைக்கேற்ப நீளத்தைத் திருத்திக்கொள்வார்கள். கூரிய உச்சம் அவர்களுக்குப் பயன்படும். வீட்டில் கட்டிய தோட்டாவோடு வந்து நாள் முழுக்கச் சுடுகிறவருக்கு அது பயன்படாது.

ஏனென்றால் லேண்ட்ஸ் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு குண்டின் வெப்பமும் மருந்துத் துகளும் மேடுகளின் தொடக்கத்தை அரித்து முன்னால் தள்ளுகின்றன. .308-இல் இது நிதானமாக நடக்கும். சிறிய விட்டக் குழலில் நிறைய மருந்து எரியும் தோட்டாக்களில் வேகமாக நடக்கும். ஒரு பருவத்திலேயே காலிப்பரில் தெளிவாகத் தெரியும். பழைய வழக்கம், லேண்ட்ஸ் நகர நகரக் குண்டையும் நீளமாக்கித் துரத்துவது. பத்துத் தௌ ஜம்ப்பில் மட்டும் நன்றாகச் சுடும் குண்டுக்கு வேறு வழியில்லை. அகலமான பகுதியின் குறைந்த ஜம்ப் பக்கத்தில் தொடங்கினால், அரிப்பு ஜம்ப்பைக் கூட்டக் கூட்டத் தோட்டா அதே பகுதிக்குள்ளேயே மெல்ல நகரும். டையைத் தொடாமல் ஒரு போட்டிப் பருவத்தைக் கடக்கலாம். குழலின் உட்புறம் காட்டும் போர்ஸ்கோப்பில், லேண்ட்ஸ் தொடங்கும் தொண்டைப் பகுதி எரிந்து வெடித்திருப்பதைப் பார்த்துக் குழலே முடிந்தது என்று பலர் பயப்படுகிறார்கள். தாள் இன்னும் நன்றாக இருந்தால் நான் குழலை மாற்றச் சொல்வதில்லை.

ஒவ்வொரு குழலுக்கும் எங்கள் பட்டறையில் ஓர் அட்டை உண்டு. எந்த ரீமர், எவ்வளவு ஃப்ரீபோர், தொடுபுள்ளியில் ஓஜைவ் அளவு, அதை எடுத்த கம்பேரட்டர் துண்டு எது, எந்தக் குண்டின் எந்த லாட், அதாவது எந்த உற்பத்தித் தொகுதி, எல்லாம் அதில் இருக்கும். கம்பேரட்டர் துண்டு மாறினால் எண்ணும் மாறிவிடும் என்பதால் அந்தத் துண்டையே அட்டையோடு பையில் போட்டுக் கொடுத்துவிடுவோம். புதிய லாட் குண்டுப் பெட்டி வாங்கினால் அதிலிருந்து பத்தை எடுத்து, பழைய லாட்டில் மிச்சம் வைத்த பத்தோடு குண்டின் அடிமுனை முதல் ஓஜைவ் வரை ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால் தொடுபுள்ளியைப் புதிய குண்டால் மறுபடி அளந்து, பழைய ஜம்ப் வருமாறு டையின் மைக்ரோமீட்டரைத் திருப்பி, பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்த பிறகே மிச்சத்தைக் கட்டலாம். பழைய பெட்டியைக் கடைசிக் குண்டு வரை சுட்டுவிட்டு வருகிறவர்களுக்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது. அதனால் குழலைக் கையில் கொடுக்கும்போதே, இப்போது வைத்திருக்கும் பெட்டியிலிருந்து பத்துக் குண்டை எடுத்து லாட் எண்ணோடு தனியே வைக்கச் சொல்லிவிடுகிறோம்.